ஆறு பக்கக் கட்டுரையும் அறுபது ஆண்டு விசாரணையும்

விஞ்ஞானப் பத்திரிகைகளில் கட்டுரை வெளியிடுவதற்கு, பக்கத்துக்கு இவ்வளவு என்று ஆசிரியர் பணிபுரியும் ஸ்தாபனத்திடம் கட்டணம் வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருந்த காலம் அது. ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமான செர்னிலிருந்து விடுப்பில் வந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விருந்தினராகத் தங்கியிருந்த ஜான் ஸ்டுவர்ட் பெல், தம் சொந்த ஆர்வத்தினால் எழுதிய ஒரு கட்டுரைக்காக அக்கட்டணத்தைச் செலுத்துமாறு தமக்கு இடமளித்தவர்களைக் கேட்கக் கூச்சப்பட்டு, கட்டணம் எதுவும் வாங்காத புதிய பத்திரிகை ஒன்றுக்கு அதை அனுப்பிவைத்தார். 1964-ஆம் ஆண்டு, அப்பத்திரிகையின் முதல் தொகுதியில், ஆறே பக்கங்களில் அது வெளிவந்தது. பத்திரிகையோ சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. கட்டுரையும் நாலைந்து வருஷம் வரை ஏறக்குறைய எவர் கண்ணிலும் படாமலே கிடந்தது.

யாரும் பாராதபோதும் ஒரு பொருள் தன் குணங்களோடு தானே இருக்கிறதா என்ற கேள்வி, நெடுங்காலமாகத் தத்துவ ஞானிகளின் விசாரத்துக்கே உரியதாக இருந்துவந்தது. அதை ஆய்வுக்கூடத்து மேசையின்மீது வைத்து, ஆம் என்றோ இல்லை என்றோ ஓர் எண்ணின் மூலம் விடை தரும்படி இயற்கையையே கேட்கலாம் என்று காட்டியதுதான் அந்த ஆறு பக்கங்களின் சாதனை. சென்ற நூற்றாண்டின் பௌதிக சாஸ்திரத்தில் இதனினும் ஆழமான கட்டுரை வேறொன்று உண்டா என்று கேட்டால், எனக்கு உடனே சொல்லத் தோன்றவில்லை.

கேள்வியை முதலில் கூர்மையாக்கியவர் ஐன்ஸ்டீன். 1935-ஆம் ஆண்டு மே மாதம், பிரின்ஸ்டனில் தம்மோடு பணியாற்றிய போரிஸ் பொடோல்ஸ்கி, நாதன் ரோசன் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, குவாண்டம் சித்தாந்தம் பௌதிக யதார்த்தத்தைப் பூரணமாக வர்ணிக்கிறதா என்று வினவி, இல்லை என்று முடிவு கூறியது. ஒரே மூலத்தில் ஒருங்கே பிறந்து எதிரெதிர்த் திசைகளில் விலகிச் செல்லும் இரண்டு துகள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றை இங்கே அளந்தவுடன், மற்றொன்று எவ்வளவு தொலைவில் இருந்தபோதிலும், அதை அளந்தால் என்ன விடை வரும் என்பதை நாம் நிச்சயமாகச் சொல்லிவிடலாம் என்கிறது அந்தச் சித்தாந்தம். இங்கே நாம் செய்த காரியம் அங்கே உள்ளதை அக்கணமே மாற்றியிருக்க முடியாது என்றால், அந்த விடை ஆரம்பத்திலிருந்தே அத்துகளிடம் இருந்திருக்க வேண்டும். சித்தாந்தமோ, அளக்கும் வரையில் அப்படியொரு நிச்சயமான குணம் இருப்பதாகவே சொல்வதில்லை. ஆகவே அது சொல்லாமல் விட்ட விவரம் ஏதோ எஞ்சியிருக்கிறது என்பது ஐன்ஸ்டீன் முதலியோரின் வாதம். இவ்வாறு பிறப்பால் ஒன்றோடொன்று தொடர்புகொண்ட துகள்களைப் பிணைந்த ஜோடி என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

முதுமையில் ஐன்ஸ்டீனால் புதிய பௌதிகத்தைப் புரிந்துகொள்ள இயலாமற்போயிற்று என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பெரும் அநீதி. பிணைப்பு என்ற விசித்திரத்தை மற்ற எல்லோரையும்விடத் தெளிவாகக் கண்டு, அதன் விளைவு இன்னது என்று விரல்வைத்துக் காட்டியவர் அவர்தாம். அதே ஆண்டு நீல்ஸ் போர், அதே தலைப்பில் ஒரு மறுப்பை எழுதினார். அளப்பவனையும் அளக்கப்படுவதையும் பிரித்துப் பேசுவதே பொருந்தாது என்பது அதன் சாரம். பெரும்பாலான பௌதிகர்கள் விவாதம் அத்துடன் தீர்ந்தது என்று எண்ணி, அணுவையும் உலோகத்தையும் ஒளியையும் பற்றிய கணக்குகளைப் போடத் திரும்பிவிட்டார்கள். கணக்குகள் அனைத்தும் பரிசோதனையோடு அற்புதமாகப் பொருந்திவந்தமையால், அடிப்படையைக் கிளறிப் பார்ப்பது வீண்வேலை என்ற அபிப்பிராயம் மெல்ல மெல்லப் பரவிற்று.

அந்த அபிப்பிராயத்துக்குக் கணித ரீதியான அரண் ஒன்றும் இருந்தது. துகள்களுக்குள் மறைந்துள்ள விவரங்கள் இருப்பதாகக் கொண்டு குவாண்டம் சித்தாந்தத்தின் முடிவுகளை விளக்குவது அசாத்தியம் என்று, 1932-ஆம் ஆண்டிலேயே கணித மேதை ஜான் வான் நாய்மன் நிரூபணம் தந்திருந்தார். அந்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை கிரேட்டே ஹெர்மன் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1935-இலேயே எடுத்துக்காட்டினார், எவரும் செவிசாய்க்கவில்லை. 1952-ஆம் ஆண்டு டேவிட் போம், அசாத்தியம் என்று சொல்லப்பட்ட அதையே செய்துகாட்டி, மறைந்த விவரங்களைக் கொண்ட முழுமையான சித்தாந்தம் ஒன்றை வகுத்தளித்தார். போம் அப்போது பிரேசில் நாட்டில் இருந்தார். அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்றின்முன் சாட்சியம் கூற மறுத்ததற்காகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பதவியை இழந்து, தாய்நாட்டை விட்டு வெளியேறியிருந்த காலம் அது.

போமின் கட்டுரையை உள்ளம் கொடுத்துப் படித்த சிலருள் பெல் ஒருவர். 1928-ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடித்ததும் மேற்படிப்புக்குப் பொருள் இல்லாமல், குவீன்ஸ் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பேராசிரியர்கள் புத்தகங்களை இரவல் கொடுத்து ஊக்குவிக்க, மறு ஆண்டே அங்கே மாணவரானார். பிற்காலத்தில் செர்னில் அவர் ஊதியம் பெற்றுச் செய்த வேலை, துகள் பௌதிகமும் துகள்களை வேகமூட்டும் யந்திரங்களைத் திட்டமிடுவதுமே. குவாண்டம் சித்தாந்தத்தின் அடிப்படையைப் பற்றிய ஆராய்ச்சியை ஓய்வு நேரத்தில்தான் வைத்துக்கொண்டார்.

போமின் சித்தாந்தத்தில் ஒரு குறையைப் பெல் கண்டார். ஓரிடத்தில் உள்ள துகளின் கதி, வெகு தூரத்திலுள்ள மற்றொரு துகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அக்கணமே சார்ந்திருப்பதாக அது கூறிற்று. ஐன்ஸ்டீனுக்குச் சிறிதும் சம்மதமாகாத அம்சம் அது. அதை நீக்கிவிட்டு, தூரத்துச் செல்வாக்கு இல்லாத மறை விவரச் சித்தாந்தம் ஒன்றைக் கட்ட முடியுமா என்று முயன்று முயன்று, முடியவில்லை என்று கண்டபோது, தம் சாமர்த்தியக் குறைவினால்தான் முடியவில்லையா அல்லது இயல்பிலேயே முடியாததா என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. அதன் விடைதான் 1964-ஆம் ஆண்டுக் கட்டுரை.

அதன் சாரத்தை ஒரு விளையாட்டாகச் சொல்லலாம். அண்ணனையும் தம்பியையும் தனித்தனி அறைகளில் அமர்த்துகிறோம். நடுவர் ஒருவர், ஒவ்வொரு சுற்றிலும் இருவருக்கும் ஆளுக்கொரு சீட்டு அனுப்புகிறார். சீட்டு வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும். எது வரும் என்பதற்கு நியதி இல்லை. சீட்டைப் பெற்றவர் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல வேண்டும். மற்றவருக்கு வந்த சீட்டின் நிறம் இவருக்குத் தெரியாது. இருவருக்கும் கறுப்புச் சீட்டே வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் பதில்கள் ஒத்திருக்க வேண்டும். அவ்வாறு அமைந்தால் வெற்றி. ஆட்டம் தொடங்குமுன் சகோதரர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் கூடிப் பேசி, என்ன ஏற்பாடு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எவ்வளவு சாமர்த்தியசாலிகளானாலும் அவர்கள் நூற்றுக்கு எத்தனை சுற்றுகளில் வெல்லலாம்?

ஏற்பாடு எதுவானாலும், ஒரு குறிப்பிட்ட சுற்றில் அண்ணன் வெள்ளைக்கு இன்ன பதில், கறுப்புக்கு இன்ன பதில் என்றும், தம்பி அவ்வாறே இரண்டு பதில்கள் என்றும், ஆக நான்கு பதில்கள் முன்பே எழுதிவைத்ததுபோல் நிச்சயமாகியிருக்கும். வெள்ளைக்கு வெள்ளை ஒத்திருக்க வேண்டும் என்பதால் அண்ணனின் வெள்ளைப் பதிலும் தம்பியின் வெள்ளைப் பதிலும் ஒன்றே. அண்ணனுக்கு வெள்ளையும் தம்பிக்குக் கறுப்பும் வந்தாலும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், தம்பியின் கறுப்புப் பதிலும் அதுவே. மூன்றாவது சேர்க்கையினால் அண்ணனின் கறுப்புப் பதிலும் அதுவே ஆகிவிடுகிறது. நான்கு பதில்களும் ஒன்றாகிப்போன பிறகு, இருவருக்கும் கறுப்பு வரும்போது பதில்கள் வேறுபடுவது எங்ஙனம்? ஆகவே நான்கு சேர்க்கைகளில் ஒன்றிலேனும் தோல்வி நிச்சயம். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் வெற்றி இல்லை. நாணயம் சுண்டிப் பார்த்தாலும், சுற்றுக்குச் சுற்று உபாயத்தை மாற்றினாலும், இந்த வரம்பைத் தாண்ட வழியே கிடையாது. பெல்லின் மூலக் கட்டுரையில் உள்ள வடிவம் இதனின்று சற்று வேறானது. 1969-ஆம் ஆண்டு கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் என்ற நால்வர் பரிசோதனைக்கு ஏற்றபடி திருத்தியமைத்ததன் விளையாட்டு உருவமே நான் சொன்னது.

இப்போது சகோதரர்களின் இடத்தில் பிணைந்த ஒளித்துகள் ஜோடியை வைப்போம். சீட்டுக்குப் பதிலாக, ஒளி அதிரும் திசையைச் சோதிக்கும் போலராய்டு தகடு. துகள் அதனூடே புகுந்து வந்தால் ஆம், தடைப்பட்டால் இல்லை. அண்ணனின் தகட்டை வெள்ளைக்கு 0 டிகிரியிலும் கறுப்புக்கு 45 டிகிரியிலும் வைக்கிறோம்; தம்பியின் தகட்டை வெள்ளைக்கு ஒரு புறம் 22.5 டிகிரியும், கறுப்புக்கு எதிர்ப்புறம் 22.5 டிகிரியும் சாய்க்கிறோம். முதல் மூன்று சேர்க்கைகளிலும் இரு தகடுகளுக்கும் இடையே உள்ள கோணம் 22.5 டிகிரியே, இருவருக்கும் கறுப்பு வரும்போது மட்டும் அது 67.5 டிகிரி ஆகிறது. கோணம் சிறிதாயின் பதில்கள் பெரும்பாலும் ஒத்தும், பெரிதாயின் பெரும்பாலும் மாறுபட்டும் வரும் என்பது குவாண்டம் சித்தாந்தத்தின் விதி. அதைக் கொண்டு கணக்கிட்டால், நான்கு சேர்க்கைகளிலும் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தைந்துக்குச் சற்று மேல் வருகிறது. துகள்கள் தங்கள் பதில்களைப் பிறக்கும்போதே எடுத்துச் செல்கின்றன என்ற ஐன்ஸ்டீனின் அநுமானம் மெய்யானால் எழுபத்தைந்து. குவாண்டம் சித்தாந்தம் மெய்யானால் எண்பத்தைந்து. தத்துவ வாதம் முழுவதும் பத்துச் சதவிகித வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது.

அளந்து பார்க்க முன்வந்தவர் ஜான் கிளாசர் என்ற அமெரிக்க இளைஞர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேறு பொருளில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, நூல்நிலையத்தில் பெல்லின் கட்டுரை அவர் கைக்கு எட்டிற்று. ஐன்ஸ்டீன் வெல்லுவார், குவாண்டம் சித்தாந்தம் சரியும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. ரிச்சர்டு பைன்மன் போன்ற மேதைகளே இத்தகைய பரிசோதனையில் பொருள் இல்லை என்று எண்ணினர். கிளாசர் தம் யோசனையைச் சொன்னபோது பைன்மன் சினந்து தம்மை அறையை விட்டே அனுப்பிவிட்டதாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆயினும், கலிபோர்னியாவில் பெர்க்கிலியில், ஸ்டுவர்ட் பிரீட்மன் என்ற மாணவருடன் சேர்ந்து, பழைய சாமான்களைத் திரட்டித் தம் கையாலேயே கருவியை அமைத்தார். சூடேற்றிய கால்சிய அணுக்களின் கற்றையில் ஒளி பாய்ச்ச, ஒவ்வோர் அணுவும் அடுத்தடுத்து இரண்டு ஒளித்துகள்களை வெளியிட்டது. அடுக்கிவைத்த கண்ணாடித் தகடுகள் அவற்றைச் சோதித்தன. ஏறக்குறைய 200 மணி நேரம் எண்ணிய பிறகு, 1972-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று: வரம்பு மீறப்பட்டது, கிளாசர் எதிர்பார்த்ததற்கு மாறாகக் குவாண்டம் சித்தாந்தம் வென்றது.

அத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. ஹார்வர்டில் ஹோல்ட் செய்த பரிசோதனை, பாதரச அணுக்களைக் கொண்டு இதற்கு நேர்மாறான விடையைத் தந்தது. தம் முடிவை நம்பவும் மாட்டாமல் தள்ளவும் மாட்டாமல் அவர் அதைப் பத்திரிகையில் வெளியிடாமலே இருந்தார். கிளாசர் பாதரசத்தைக் கொண்டே மறுபடியும் செய்து 1976-இல் குவாண்டத்தின் பக்கமே விடை வரக் கண்டார். விஞ்ஞானம் உண்மையில் இவ்வாறுதான் நடக்கிறது. ஒரே இரவில் உண்மை உதித்துவிட்டதாகச் சொல்லும் கதைகளை நான் விரும்புவதில்லை. இவ்வளவு செய்தும் கிளாசருக்கு ஒரு பல்கலைக்கழகத்திலும் நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அடிப்படைகளைப் பற்றிய கட்டுரைகளைப் பெரிய பத்திரிகைகள் ஏற்கத் தயங்கிய அந்நாட்களில், ஆர்வமுள்ளவர்கள் தட்டச்சு செய்து படியெடுத்து சுவிட்சர்லாந்திலிருந்து அனுப்பப்பட்ட ஒரு சிறு சுற்றிதழிலேயே தங்களுக்குள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான், 1975-ஆம் ஆண்டு அலென் ஆஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் ஜெனீவாவுக்கு வந்து, தாம் செய்யக் கருதும் பரிசோதனையை விவரித்தபோது, பெல் அவரிடம் முதலில் கேட்டது, உமக்கு நிரந்தர உத்தியோகம் இருக்கிறதா என்பது. இருக்கிறது என்ற பதிலைக் கேட்ட பிறகே விஷயத்துக்கு வந்தார். கிளாசரின் பரிசோதனையில் தகடுகளின் கோணங்கள் முன்கூட்டியே நிலைநிறுத்தப்பட்டிருந்தன. ஒரு புறத்துக் கோணம் மறுபுறத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கலாம் என்று ஆட்சேபிக்க அங்கே இடம் இருந்தது. ஆஸ்பே அதை அடைக்க விரும்பினார். பாரிசுக்கு அருகே ஓர்சேயில், 12 மீட்டர் இடைவெளியில் அமைந்த இரு சோதனை முனைகளிலும், ஒரு வினாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு முறை துகளின் பாதையை ஒரு தகட்டிலிருந்து வேறு கோணத்துத் தகட்டுக்கு மாற்றிவிடும் கருவிகளை அமைத்தார். நீருக்குள் ஒலியலை எழுப்பி அதன்மூலம் ஒளியைத் திருப்பும் நுட்பம் அது. 12 மீட்டரைக் கடக்க ஒளிக்கே அதைப்போல் நான்கு மடங்கு நேரம் தேவை. ஆகவே ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செய்தி செல்ல அவகாசமே இல்லை. 1982-ஆம் ஆண்டு வந்த விடையும் குவாண்டத்துக்கே அநுகூலமாயிற்று. ஆஸ்பேயின் மாற்றுக் கருவிகள் ஏறத்தாழ ஒழுங்கான தாளத்தில் இயங்கின என்ற குறையையும், 1998-ஆம் ஆண்டு இன்ஸ்புரூக்கில் ஆன்டன் ஜைலிங்கரின் குழுவினர், 400 மீட்டர் இடைவெளியில், நியதியற்ற எண்களைக் கொண்டு கோணங்களைத் தேர்ந்தெடுத்து நீக்கினார்கள்.

எஞ்சியிருந்த முக்கியமான ஆட்சேபம் வேறு. ஒளித்துகள்களில் பெரும்பகுதி கருவியில் அகப்படாமலே தொலைந்துவிடுகிறது. அகப்பட்டவை மாத்திரம் தற்செயலாகக் குவாண்டத்துக்குச் சாதகமானவையாக இருந்தால்? அந்த ஐயத்தையும் தூரத்தைப் பற்றிய ஐயத்தையும் ஒருசேரப் போக்கிய முதல் பரிசோதனையை, 2015-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் டெல்ப்ட் நகரில் ரொனால்டு ஹான்சனின் குழு செய்துமுடித்தது. பல்கலைக்கழக வளாகத்தில் 1,280 மீட்டர் இடைவிட்டு இரு கட்டிடங்களில் இரண்டு சிறு வைரத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக, அதன் அருகே ஒரு நைட்ரஜன் அணு. அங்கே சிறைப்பட்ட எலெக்ட்ரான்களே ஆட்டத்தின் சகோதரர்கள். ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஓர் ஒளித்துகளை வெளியிட, அவ்விரு ஒளித்துகள்களும் கண்ணாடி இழையின் வழியே இடையிலுள்ள மூன்றாவது நிலையம் ஒன்றில் சந்திக்கும். அச்சந்திப்பு ஒரு குறிப்பிட்ட வகையில் நிகழ்ந்தால், ஒருபோதும் ஒன்றையொன்று நெருங்காத அவ்விரு எலெக்ட்ரான்களும் பிணைந்துவிடுகின்றன. பிணைந்தது என்று தெரிந்த ஒவ்வொரு முறையும் இரு புறத்திலும் விடை எடுக்கப்படும், ஒன்றுகூட விடுபடாது. அத்தகைய சந்திப்பு ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒரு முறையே வாய்த்தது. 220 மணி நேரப் பரிசோதனையில் 245 சுற்றுகள். அவற்றில் 196 வெற்றி. சகோதரர்களின் வரம்பின்படி சராசரியாக 184-க்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை. சில மாதங்களுக்குள் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டர் நகரிலும் ஒளித்துகள்களைக் கொண்டு இன்னும் உறுதியான எண்ணிக்கையில் அதே முடிவு எட்டப்பட்டது. கோணங்களைத் தேர்வு செய்யும் யந்திரங்களே துகள்களோடு ஏதோ பழைய தொடர்பு கொண்டிருந்தால் என்ற கடைசிச் சந்தேகத்துக்கும் ஓர் எல்லை கட்ட எண்ணி, 2018-இல் ஜைலிங்கரின் குழுவினர் வெகு தொலைவிலுள்ள விண்பொருள்களான குவாசார்களிலிருந்து எழுநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்ட ஒளியைத் தொலைநோக்கியில் வாங்கி, அதன் நிறத்தைக்கொண்டு சீட்டைத் தீர்மானித்தார்கள். 2022-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிளாசர், ஆஸ்பே, ஜைலிங்கர் மூவருக்கும் வழங்கப்பட்டது. பெல் 1990-ஆம் ஆண்டிலேயே மூளையில் இரத்தக் கசிவினால் காலமாகிவிட்டார்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. துகள்கள் தொலைவிலிருந்தே பேசிக்கொள்கின்றன, மனத்தால் மனத்துக்குச் செய்தி அனுப்புவதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது என்றெல்லாம் மேடைகளில் பேசக் கேட்கிறோம். பரிசோதனைகள் அப்படி எதையும் சொல்லவில்லை. அண்ணனின் பதில்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால், தம்பிக்கு எந்தச் சீட்டு வந்திருந்தாலும் அவை பாதி ஆம், பாதி இல்லை என்று நியதியின்றியே வரும். அவற்றில் ஒரு எழுத்தளவு செய்தியைக்கூட ஏற்றி அனுப்ப முடியாது. இரு பட்டியல்களையும் சாதாரண வழியில் கொண்டுவந்து அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே ஒற்றுமை வெளிப்படுகிறது. முன்பே நிச்சயமான குணங்கள் துகளில் உண்டு என்பதையும், தொலைவிலுள்ளவை பரஸ்பரம் தாக்குவதில்லை என்பதையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது என்பதே பெல் தந்த பாடம். போமைப் பின்பற்றுவோர் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விடுகிறார்கள். மற்றவர்களுள் பெரும்பாலோர் முன்னதை விடுகிறார்கள். எதை விடுவது என்பது இன்றும் தீராத வழக்கு.

செய்தி அனுப்ப முடியாது என்பதை மறுத்த ஒரு தவறான கட்டுரையிலிருந்தே இந்தத் துறையின் இரண்டாவது பெரும் உண்மை பிறந்தது. நிக் ஹெர்பர்ட் என்பவர், பிணைந்த துகளில் ஒன்றை லேசர் மூலம் பல பிரதிகளாகப் பெருக்கினால், ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். அதைப் பரிசீலித்த ஆஷர் பெரெஸ், கட்டுரை பிழையானது என்று அறிந்தே, பிழை எங்கே என்று தேடுவதால் நன்மை விளையும் என்று கருதி வெளியிடப் பரிந்துரைத்தார். அவ்வாறே ஆயிற்று. அறியப்படாத நிலையிலுள்ள ஒரு குவாண்டம் துகளை ஒருபோதும் நகலெடுக்க முடியாது என்பதை, 1982-ஆம் ஆண்டு வூட்டர்ஸும் ஜூரெக்கும், அவர்களுக்குச் சம்பந்தமின்றி டீக்ஸ் என்பவரும் நிரூபித்தார்கள்.

நகலெடுக்க முடியாத பொருள் ரகசியம் காப்பவருக்குப் பெருநிதி. சார்லஸ் பென்னட், கில் பிராசார் இருவரும் 1979-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மாநாட்டின்போது முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்கள். பிராசார் கடலில் நீந்திக்கொண்டிருக்க, முன்பின் அறியாத பென்னட் நீந்தி அருகே வந்து, குவாண்டம் விதிகளால் கள்ள நோட்டு அடிக்க முடியாத பணம் செய்யலாம் என்ற தம் நண்பரின் யோசனையைச் சொல்லத் தொடங்கினாராம். அங்கே தொடங்கிய பேச்சு, தனித்தனி ஒளித்துகள்களின் மூலம் ரகசியத் திறவுகோலைப் பகிர்ந்துகொள்ளும் முறையாக முதிர்ந்து, 1984 டிசம்பரில் நம் பெங்களூரில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில் கட்டுரையாக வெளியாயிற்று. இடையில் ஒற்றன் புகுந்து துகளை அளந்தால் அதன் நிலை கலைந்து, பிழைகள் மிகுந்து, அவன் வந்துபோனது தெரிந்துவிடும். உலகெங்கும் இன்று ஆராயப்படும் குவாண்டம் ரகசியத் தொடர்புக்கு மூலப் பத்திரம் பெங்களூர் மாநாட்டுத் தொகுப்பில்தான் இருக்கிறது என்பதை நம்மவர்களில் வெகு சிலரே அறிவார்கள்.

பெல்லின் விளையாட்டு இங்கே திரும்பவும் நுழைவதற்குக் காரணமானவர் ஆர்தர் எக்கர்ட். ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1935-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்த அவருக்கு, ஐன்ஸ்டீன் முதலியோர் யதார்த்தத்துக்குக் கூறிய இலக்கணம், ஒட்டுக்கேட்பவனுக்கும் இலக்கணமாக இருப்பது புலப்பட்டது: தொந்தரவு செய்யாமல் முன்கூட்டியே அறிந்துகொள்ளக்கூடியது. ஒற்றனிடம் விடைகளின் நகல் இருக்குமானால், அந்த விடைகள் முன்பே எழுதிவைக்கப்பட்டவை என்றே பொருள். அப்படியானால் ஆட்டத்தில் எழுபத்தைந்துக்கு மேல் வெற்றி வரவே வராது. ஆகவே, பிணைந்த ஜோடிகளைப் பகிர்ந்துகொள்ளும் இருவர், அவற்றுள் சிலவற்றை இந்த ஆட்டத்துக்கென்று செலவிட்டு, வெற்றி எண்பத்தைந்தை நெருங்குகிறது என்று கண்டால், மீதியிலிருந்து கிடைக்கும் திறவுகோலை மூன்றாம் பேர்வழி எவனும் அறியான் என்று துணியலாம். 1991-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தக் கருத்தைப் பின்வந்தோர் இன்னும் நீட்டி, கருவியைச் செய்து விற்றவனையே நம்ப வேண்டியதில்லை என்பதை நிலைநாட்டினார்கள். கருவியின் உள்ளே என்ன இருந்தாலும், ஆட்டத்தின் வெற்றி எண்ணிக்கை பொய் சொல்லாது. ஐன்ஸ்டீனின் நம்பிக்கை பொய்த்த அதே பத்துச் சதவிகிதத்தில், ரகசியத்துக்கு இதுவரை இல்லாத காவல் அமைந்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் எல்லாவற்றிலும் அழகாகப் படுவது இந்தத் திருப்பமே.

ஆனால் செய்வது எளிதன்று. 2010-ஆம் ஆண்டு மேரிலாந்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரு அயனிகளைக் கொண்டு, இதே தத்துவத்தால் எவரும் முன்னறிய முடியாதவை என்று சான்றளிக்கப்பட்ட 42 எண்களைப் பெற ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. கருவியையே நம்பாத ரகசியத் திறவுகோல் முறை 2022-இல்தான் பரிசோதனையில் கைகூடியது: ஆக்ஸ்போர்டில் இரண்டு மீட்டர் இடைவெளியில், ம்யூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில். பிணைப்பை மட்டும் நெடுந்தூரம் கொண்டுசெல்வதில் சீனா வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஜைலிங்கரிடம் பயின்ற பான் ஜியன்வெய்யின் குழுவினர், 2016-ஆம் ஆண்டு ஏவப்பட்ட மிசியஸ் செயற்கைக்கோளிலிருந்து, ஒன்றுக்கொன்று 1,203 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு நிலையங்களுக்குப் பிணைந்த ஒளித்துகள்களை இறக்கி, அங்கேயும் பெல்லின் வரம்பு மீறப்படுவதைக் காட்டினார்கள். வினாடிக்கு ஏறத்தாழ ஒரு ஜோடிதான் முழுதாய் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில், 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 6,003.65 கோடி ரூபாய்த் தேசிய குவாண்டம் திட்டத்தின் கீழ், குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையமான சி-டாட்டுடன் சேர்ந்து அமைந்திருக்கிறது. 2,000 கிலோமீட்டர் வரையில் நகரங்களுக்கு இடையே ரகசியத் திறவுகோலைக் கொண்டுசெல்வது அத்திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. கண்ணாடி இழையில் செல்லும் ஒளித்துகள் சில நூறு கிலோமீட்டருக்குள் அநேகமாக அழிந்துவிடும். சாதாரணத் தொலைபேசிச் செய்தியை இடையிடையே பெருக்கி அனுப்புவதுபோல் இதைப் பெருக்கவும் வழியில்லை, ஏனெனில் பெருக்குவது நகலெடுப்பதே. வழியில் உள்ள நிலையங்களில் பிணைப்பைக் கலையாமல் சிறிது நேரம் தேக்கிவைத்து, டெல்ப்டில் செய்ததுபோல் துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வாறு தேக்கிவைக்கும் நினைவுக் கருவி எங்கும் இன்னும் போதிய அளவு பக்குவப்படவில்லை. வைரத்திலும் அருமண் தாதுக்கள் கலந்த படிகங்களிலும் தனி அணுக்களிலும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.